சரக்கு நின்ற பின் வந்த படகுகள்: அயர்லாந்தின் நீர்வழிகள் பிழைத்த வரலாறு

1954 ஜனவரியில், அயர்லாந்தின் நடுப்பகுதியில் ஷானன் ஆற்றங்கரையில் அமைந்த அத்லோன் நகரில் ஒரு கூட்டம் நடைபெற்றது. அக்கூட்டத்தைத் தூண்டிய சிக்கல் ஒரு பாலத்தின் உயரம். ஷானன் ஆற்றின் குறுக்கே இருந்த பழைய பாலங்கள் சிலவற்றில், படகு வரும்போது திறந்து வழிவிடும் பகுதிகள் இருந்தன. அவற்றைப் பராமரிப்பது செலவு, போக்குவரத்துக்கு இடையூறு எனக் கருதிய நிர்வாகத்தினர், அவ்விடங்களில் தாழ்வான நிலைப்பாலங்களை அமைத்துவிட எண்ணினர். ஆற்றில் சரக்குப் படகுகள் ஏறத்தாழ நின்றுவிட்ட காலம் அது. எஞ்சியிருந்தவை பொழுதுபோக்குக்காக ஓடிய சில படகுகளே. சிலருடைய பொழுதுபோக்குக்காகப் பலர் செல்லும் சாலையை ஏன் திறந்து மூட வேண்டும் என்பது நியாயமான கேள்வியாகவே பலருக்கும் தோன்றியிருக்கும்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கூடியவர்களே அயர்லாந்து உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தை நிறுவினர். ஓய்வுபெற்ற கர்னல் ஹாரி ரைஸும், சட்ட அறிஞர் வின்சென்ட் டெலனியும் அதன் முதன்மையானவர்கள். அவர்களுடைய வாதம் எளிமையானது: ஆற்றில் செல்லும் உரிமை பொதுமக்களுடையது, ஒருமுறை தாழ்வான பாலத்தால் அடைபட்ட நீர்வழி மீண்டும் திறக்கப்படுவது அரிது, ஆகவே பாலம் நிலையானதாக இருந்தாலும் அதன் அடியில் படகு செல்லும் உயரம் இருந்தாக வேண்டும்.

அயர்லாந்தின் ஆறுகளிலும் ஏரிகளிலும் கால்வாய்களிலும் இன்று மிதக்கும் உல்லாசப் படகுகளின் வரலாற்றை இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். வணிகம் கைவிட்ட நீர்வழியைப் பொழுதுபோக்கு காப்பாற்றிய கதை அது. ஆயினும் அந்தப் பொழுதுபோக்கு யாருடையதாக இருந்தது, பின்னர் யாருடையதாக மாறியது என்ற வினாவையும் விட்டுவிட முடியாது.

நிலமும் நீரும்

அயர்லாந்துத் தீவு ஒரு தட்டத்தைப் போன்றது. மலைகள் பெரும்பாலும் கடலோரங்களில் நிற்கின்றன. நடுவில் தாழ்ந்த சமவெளியும் சதுப்பு நிலமும் பரந்து கிடக்கின்றன. அச்சமவெளியின் வழியே, காவன் மாவட்டத்துக் குயில்கா மலையடிவாரத்தில் பிறக்கும் ஷானன், ஆலன், ரீ, டெர்க் என்னும் மூன்று பெரிய ஏரிகளைக் கோத்துக்கொண்டு சுமார் 360 கி.மீ. ஓடி மேற்கே அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. ஆலன் ஏரி முதல் டெர்க் ஏரி வரை அதன் சரிவு மிகக் குறைவு. ஆறு என்பதைவிட ஏரிகளின் தொடர் என்றே சொல்லத்தக்க அந்த நெடுவழி, படகுக்கு இயற்கை அளித்த பாதை. டெர்க் ஏரிக்கும் லிமெரிக் நகருக்கும் இடையேதான் நீர் சட்டென இறங்குகிறது. அந்த வீழ்ச்சியைப் பயன்படுத்தி, புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு 1925 முதல் 1929 வரை ஆர்ட்னக்ரஷாவில் தன் முதல் பெரிய நீர்மின் நிலையத்தைக் கட்டியது. படகுகளை ஏறத்தாழ 30 மீட்டர் ஏற்றி இறக்கும் இரட்டை மதகு இன்றும் அங்கே இயங்குகிறது.

வடக்கே, ஃபெர்மானா மாவட்டத்தில் மேல் ஏர்ன், கீழ் ஏர்ன் என்னும் இரு ஏரிகள் தீவுகள் நிறைந்து கிடக்கின்றன. அதற்குக் கிழக்கே நே ஏரி; பரப்பளவில் பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இரு தீவுகளிலும் அதுவே பெரியது. இந்த நீர்நிலைகளை ஒன்றோடொன்று இணைக்கும் கனவே 18, 19ஆம் நூற்றாண்டுகளின் கால்வாய்களைத் தோற்றுவித்தது.

வணிகத்தின் கால்வாய்கள்

நிலம் உயரும் இடங்களில் படகை ஏற்றவும் இறக்கவும் இருபுறமும் கதவுகள் கொண்ட மதகுக் கூடங்கள் கட்டப்படும். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை அடைத்து, மேலிருந்து நீரை விட்டால் படகு நீரோடு சேர்ந்து உயரும். மேட்டுநிலம் ஒன்றை இத்தகைய மதகுகளால் ஏறிக் கடந்த முதல் கால்வாய், பிரிட்டன், அயர்லாந்து இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், 1742இல் திறக்கப்பட்ட நியூரி கால்வாயே.

டப்ளினை ஷானனுடன் இணைக்கும் கிராண்ட் கால்வாயின் பணி 1756இல் தொடங்கி, சதுப்பு நிலங்களோடு மல்லுக்கட்டி, 1804இல்தான் நிறைவுற்றது. அதற்கு வடக்கே, ஏறத்தாழ அதே இரு முனைகளைத் தொட முயன்ற ராயல் கால்வாய் 1790ஐ ஒட்டித் தொடங்கப்பட்டு 1817இல் ஷானனை எட்டியது. கிராண்ட் கால்வாய்க் குழுமத்தின் இயக்குநர் ஒருவர் சக இயக்குநர்களோடு பிணங்கி, போட்டிக்கென்றே இரண்டாம் கால்வாயை வெட்டக் கிளம்பினார் என்றொரு கதை டப்ளினில் வழங்குகிறது. கதை எப்படியிருப்பினும், ஒரே வட்டாரத்தின் சரக்கை இரு கால்வாய்கள் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்ததும், இரண்டுமே பெரும் இலாபம் காணாமற் போனதும் உண்மை.

சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்து உலர்த்திய பீட் கரி, தானியம், செங்கல், கின்னஸ் ஆலையின் பீர்ப் பீப்பாய்கள் ஆகியவை இக்கால்வாய்களில் பயணம் செய்தன. மனிதர்களும் பயணம் செய்தனர். 1780 முதல் கிராண்ட் கால்வாயில் பயணிகள் படகு ஓடியது. கரையோரப் பாதையில் குதிரைகள் கயிறு கட்டி இழுக்க, மணிக்கு 5, 6 கி.மீ. வேகத்தில் அது நகரும். முதல் வகுப்பாருக்கு ஓர் அறை, ஏனையோருக்கு மற்றோர் அறை. சாலின்ஸ், ராபர்ட்ஸ்டவுன், டல்லமோர், ஷானன் ஹார்பர், டப்ளினின் போர்ட்டோபெல்லோ ஆகிய ஐந்து இடங்களில் கால்வாய்க் குழுமம் பயணிகளுக்கென விடுதிகள் எழுப்பியது. 1841இல் அஞ்சல் துறை ஊழியராக ஷானன் கரையின் பானகர் ஊருக்கு வந்த ஆந்தனி ட்ரோலப், பிற்பாடு தம் நாவலொன்றில் இக்கால்வாய்ப் பயணத்தின் சலிப்பையும் நெரிசலையும் எள்ளலோடு வருணித்தார். நீர்மேல் மெல்ல மிதப்பது அக்காலத்தில் இன்பமன்று; வேறு வழியற்றவர்களின் பொறுமை.

இருப்புப்பாதை வந்ததும் அந்தப் பொறுமைக்கும் தேவை இல்லாமற் போயிற்று. 1845இல் மிட்லண்ட் கிரேட் வெஸ்டர்ன் இரயில்வே, ராயல் கால்வாயையே விலைக்கு வாங்கி, அதன் கரையை ஒட்டித் தண்டவாளம் பதித்தது. 1852இல் கிராண்ட் கால்வாயின் பயணிகள் சேவையும் முடிவுற்றது.

ஒரே கரையில் நடந்தவர்கள்

இதற்கு இடையில்தான் பெரும்பஞ்சம் வந்தது. உருளைக்கிழங்குப் பயிரை அழித்த நோயும், அதைத் தொடர்ந்த அரசின் அலட்சியமும் 1845 முதல் சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் உயிர்களைக் கொன்றன. அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினர். அந்த ஆண்டுகளிலும் நாட்டிலிருந்து தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன.

1847 மே மாதத்தில், ராஸ்காமன் மாவட்டத்து ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையின் குத்தகைக் குடியானவர்கள் 1,490 பேர் வெளியேற்றப்பட்டனர். ராயல் கால்வாயின் கரையோரப் பாதை வழியே டப்ளினுக்கு அவர்கள் நடந்தனர். அங்கிருந்து லிவர்பூலுக்கும், பின் கனடாவின் கியூபெக்குக்கும் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வழியிலேயே மாண்டனர். படகை இழுக்கும் குதிரைக்காக அமைத்த பாதையில், படகுக் கட்டணம் இல்லாத மனிதர்கள் நடந்து சென்றனர். அந்த 165 கி.மீ. பாதை இன்று தேசியப் பஞ்சப் பாதை என்ற பெயரில் நினைவுவழியாக இருக்கிறது. சிறுவர்களின் காலணிகளை வெண்கலத்தில் வார்த்து வழியெங்கும் வைத்திருக்கிறார்கள். கோடையில் அக்காலணிகளைக் கடந்து உல்லாசப் படகுகள் செல்கின்றன.

1846இல் ஷானனையும் ஏர்ன் ஏரியையும் இணைக்கும் பாலினமோர்–பாலிகானல் கால்வாயின் பணி தொடங்கியது. வெள்ள வடிகாலும் படகுப் பாதையுமாக ஒருசேரத் திட்டமிடப்பட்ட அப்பணி, பஞ்ச காலத்தில் பட்டினியில் வாடியோருக்குக் கூலிவேலையும் ஆயிற்று. 1860இல் கால்வாய் முடிந்தபோது இரயில் முந்திவிட்டிருந்தது. பத்தாண்டுகூட ஓடாத அக்கால்வாயில் சுங்கம் செலுத்திச் சென்ற வணிகப் படகுகள் எட்டே எட்டு என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. பசித்தவர்கள் வெட்டிய கால்வாய் பயனின்றிப் புல் மண்டிக் கிடந்தது. நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதற்கு வேறொரு பிறவி காத்திருந்தது.

பாய்மரமும் பெருமாளிகையும்

பொழுதுபோக்குப் படகு அயர்லாந்துக்குப் புதியதன்று. 1720இல் கார்க் துறைமுகத்தில் தோன்றிய நீர்ச் சங்கம், உலகின் முதல் பாய்மரப் படகுச் சங்கம் என உரிமை கொண்டாடுகிறது. உள்நாட்டு ஏரிகளிலும் அந்த மரபு தொடர்ந்தது. ரீ ஏரிச் சங்கம் தன் பிறப்பை 1770 என்றும், ஏர்ன் ஏரிச் சங்கம் 1818 என்றும், டெர்க் ஏரிச் சங்கம் 1835 என்றும் கொள்கின்றன. ஏரிக்கரைப் பெருமாளிகைகளில் வாழ்ந்த நிலக்கிழார்கள், படைமுகாம் அதிகாரிகள், பாதிரிமார் ஆகியோரே அப்படகுகளில் ஏறியவர்கள். குடியானவருக்கும் படகு இருந்தது. ஆனால் அது தீவிலிருந்து மாட்டை ஓட்டிவரவும், மீன் பிடிக்கவும், பீட் ஏற்றவும், திருப்பலிக்குச் செல்லவும் உதவிய துடுப்புப் படகு. ஒரே ஏரியில் மிதந்த இரு படகுகளுக்கும் இடையே மதமும் மொழியும் நிலவுடைமையும் நின்றன.

1897இல் யார்க் கோமகனும் மனைவியும் ஷானனில் நீராவிப் படகில் பயணம் செய்தனர். பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராகி, 1911 தில்லி தர்பாரில் முடிசூட்டு விழாக் கண்டவர் அவர். அப்பயணத்தின் பெயரைப் பயன்படுத்தி, ‘யார்க் கோமகன் வழி’ என்ற விளம்பரத்தோடு சுற்றுலா நீராவிப் படகுகள் முதல் உலகப் போர்க்காலம் வரை ஆற்றில் ஓடின. சீட்டு வாங்கக் கூடிய எவரும் ஏறலாம் என்ற அளவில் அது ஒரு மாற்றம். ஆயினும் அரச பவனியின் நிழலே அதற்கு விலாசம்.

1922ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் வியப்புக்குரியது. சுதந்திர அயர்லாந்து பிறந்தது. உடனே உள்நாட்டுப் போர் மூண்டது. நிலக்கிழார்களின் மாளிகைகள் பல தீக்கிரையாயின. அதே காலத்தில்தான் ஷானன் ஏரிச் சங்கங்கள், தங்களுக்குள் சமமாகப் போட்டியிடும் பொருட்டு, ஒரே அளவிலான பந்தயப் படகு ஒன்றை மார்கன் ஜைல்ஸ் என்னும் படகு வடிவமைப்பாளரைக் கொண்டு உருவாக்கின. 18 அடி நீளம், ஒன்றன்மேல் ஒன்று படிய அடுக்கிய மரப்பலகை உடல், ஒற்றைப் பாய். ‘ஷானன் ஒன் டிசைன்’ எனப்படும் அந்தப் படகு நூறாண்டு கடந்தும் அதே வடிவில் கட்டப்பட்டு, அதே ஏரிகளில் போட்டியிடுகிறது. மாளிகைகள் பல மறைந்தன, படகு நிலைத்தது. அதைச் செலுத்துவோரும் காலப்போக்கில் மாறினர்.

கடைசிச் சரக்கும் முதல் பயணிகளும்

1911 முதல் கிராண்ட் கால்வாய்க் குழுமம் தன் சரக்குப் படகுகளில் பொலிண்டர் எஞ்சின்களைப் பொருத்தியது. இரண்டாம் உலகப் போரில் நாடு நடுநிலை வகித்தபோது நிலக்கரி கிட்டாமற் போகவே, பீட் கரியைத் தலைநகருக்குக் கொண்டுவர, குதிரை இழுக்கும் மரப் படகுகள் புதிதாகக் கட்டப்பட்டன. அது கடைசி மூச்சு. 1950இல் கால்வாய் தேசியப் போக்குவரத்து நிறுவனமான சிஐஇயிடம் சேர்ந்தது. லாரிகளையும் பேருந்துகளையும் இரயில்களையும் நடத்திய நிறுவனத்துக்குக் கால்வாய் ஒரு சுமை. 1960இல் கின்னஸ் பீப்பாய்களோடு டப்ளினிலிருந்து லிமெரிக் சென்ற படகோடு வணிகச் சேவை முற்றுப்பெற்றது.

இந்த அந்திப்பொழுதில்தான் சிலர் வேடிக்கையாகப் பயணம் செய்யத் தொடங்கினர். 1946இல் ஆங்கில எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட், சிறு மோட்டார் படகில் கிராண்ட் கால்வாய், ஷானன், ராயல் கால்வாய் என்ற முக்கோணத்தைச் சுற்றிவந்து, 1949இல் ‘கிரீன் அண்ட் சில்வர்’ என்ற நூலை வெளியிட்டார். களை மண்டிய ராயல் கால்வாயில் அவர் பட்ட பாட்டை வாசித்தவர்கள், தங்கள் நாட்டில் இப்படியொரு வழி இருப்பதையே அப்போதுதான் உணர்ந்தனர். 1952இல் ஹாரி ரைஸ், ஷானனைப் பற்றிய தம் நினைவுகளையும் ஊர்க்கதைகளையும் ‘தேங்க்ஸ் ஃபார் த மெமரி’ என நூலாக்கினார். அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின்னரே அத்லோன் கூட்டம். 1955இல் டக்ளஸ் ஹேர்ட் தம் ‘ஹார்க்’ படகில் ராயல் கால்வாயை முழுமையாகக் கடந்தார். அதுவே அக்கால்வாயின் கடைசி முழுப்பயணமாயிற்று. 1961இல் அது படகுகளுக்கு அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. மதகுக் கதவுகள் உளுத்தன. சாலைகள் தாழ்வான பாலங்களாக அதன் மேல் அமர்ந்தன. பல மைல்களுக்கு நீரே வற்றியது.

ராயல் மூடப்பட்ட அதே 1961இல், நீர்வழிச் சங்கம் ஷானனில் தன் ஆண்டுப் படகுத் திரளைத் தொடங்கியது. இது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இரண்டும் சேர்ந்து ஒரு பாடம் சொல்கின்றன. ஷானனில் படகுகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால், ஆற்றை அடைப்பது அரசியலில் எளிதாக இருக்கவில்லை. ராயலில் படகே இல்லாததால், அதை அடைத்ததை யாரும் கவனிக்கவில்லை.

சாக்கடையும் இருக்கையும்

1963இல் டப்ளின் மாநகராட்சி, கிராண்ட் கால்வாயின் நகரப் பகுதியை வடியவிட்டு, அதன் படுகையில் பெரிய கழிவுநீர்க் குழாயைப் பதித்து, மேலே சாலையும் அமைக்கலாம் என்ற திட்டத்தை முன்வைத்தது. வளரும் நகரத்துக்கு வடிகால் வேண்டும் என்பது உண்மையான தேவையே. கால்வாயோ பழைய டயர்களும் குப்பையும் மிதக்கும் இடமாக ஆகியிருந்தது. நீர்வழிச் சங்கத்தினர் கூட்டம் கூட்டினர். நகரின் நடுவே படகுகளை அணிவகுத்து ஓட்டிக் காட்டினர். கழிவுநீர்க் குழாய்க்கு வேறு வழி உண்டு என வாதிட்டனர். அத்திட்டம் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

அந்தப் போராட்டத்துக்கு ஒரு கவிஞரும் அறியாமலே துணை நின்றார். மோனகன் மாவட்டத்து உழவர் குடியில் பிறந்த பாட்ரிக் கவனா, 1955இல் நுரையீரல் புற்றுநோய் அறுவைக்குப் பின், பேகட் தெருப் பாலத்தருகே கால்வாய்க் கரையில் அமர்ந்து உடல் தேறினார். அந்தக் கோடையைத் தம் இரண்டாம் பிறப்பாகவே அவர் கருதினார். தமக்கு நினைவுச் சின்னம் வேண்டுமெனில், வழிப்போக்கர் அமர ஒரு கால்வாய்க்கரை இருக்கை போதும் என்ற விருப்பத்தைக் கவிதையில் வைத்தார். அவர் 1967இல் மறைந்தார். 1968 மார்ச்சில் நண்பர்கள் அவ்விருக்கையை அமைத்தனர். குழாய்த் திட்டம் நிறைவேறியிருந்தால் அந்த இருக்கை ஒரு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

1974இல் ராயல் கால்வாயை மீட்கத் தன்னார்வலர் குழு ஒன்று உருவானது. வார இறுதிகளில் மண்வெட்டியும் கடப்பாரையுமாக இறங்கி, சேற்றை வாரி, மதகுக் கதவுகளைச் செய்து மாட்டினர். 1986இல் இரு கால்வாய்களும் சிஐஇயிடமிருந்து பொதுப்பணி அலுவலகத்துக்கு மாற்றப்பட்டன. சுமையாகப் பார்த்த துறையிடமிருந்து பாரம்பரியமாகப் பார்க்கும் துறைக்கு அவை நகர்ந்தன என்பதே அதன் பொருள். 46 மதகுகளும் தாழ்வான பாலங்களும் ஒவ்வொன்றாகச் சரிசெய்யப்பட்டு, 2010 அக்டோபரில் ராயல் கால்வாய் மீண்டும் ஷானன் வரை திறக்கப்பட்டது. தொடங்கியதிலிருந்து முடியும் வரை 36 ஆண்டுகள். முதலில் அதை வெட்டி முடிக்க ஆன காலமோ 27 ஆண்டுகள்தான்.

எல்லையைக் கடந்த கால்வாய்

1921இல் தீவு பிரிக்கப்பட்டபோது எல்லைக்கோடு ஆறுகளின் மேலும் விழுந்தது. ஏர்ன் ஏரிகள் வடக்கே, ஷானன் தெற்கே. 1969 முதல் முப்பதாண்டுகள் நீடித்த வன்முறையில் எல்லைச் சாலைகள் பல தகர்க்கப்பட்டன, காவல் கோபுரங்கள் எழுந்தன. உல்லாசப் படகும் அந்த அரசியலுக்கு வெளியே நிற்கவில்லை. 1979 ஆகஸ்டில், இந்தியாவின் கடைசி வைஸ்ராயான மவுண்ட்பேட்டன் ஸ்லைகோ மாவட்டத்து முல்லாமோர் கரையிலிருந்து கடலில் மீன் பிடிக்கச் சென்றபோது, ஐஆர்ஏ அவருடைய படகைக் குண்டு வைத்துத் தகர்த்தது. அவரும், பதின்வயதுப் பேரனும், படகில் உதவிக்கு இருந்த பதின்வயதுச் சிறுவனும் உட்பட நால்வர் இறந்தனர். விடுமுறைப் படகு என்பதே ஒரு குறியீடாக வாசிக்கப்பட்ட காலம் அது.

அந்தப் பின்னணியில்தான், பஞ்ச காலத்தில் வெட்டிக் கைவிடப்பட்ட பாலினமோர்–பாலிகானல் கால்வாயை மீட்கும் பணியில் இரு அரசுகளும் கைகோத்தன. 1994 மே மாதத்தில் அது ஷானன்–ஏர்ன் நீர்வழி என்ற பெயரில் திறக்கப்பட்டது. 63 கி.மீ. நீளம், ஏறுவதற்கு எட்டு, இறங்குவதற்கு எட்டு என 16 மதகுகள், ஒவ்வொன்றையும் பயணியே அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்தி இயக்கிக்கொள்ளலாம். அதன் ஒரு பகுதியில் ஆற்றின் நடுவே எல்லைக்கோடு செல்கிறது. படகின் ஒருபுறம் ஒரு நாடு, மறுபுறம் இன்னொரு நாடு. ஐஆர்ஏ போர்நிறுத்தம் அறிவித்தது அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில். சமாதானம் வருமுன்னரே கால்வாய் வந்துவிட்டது.

1998ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கை, வடக்கும் தெற்கும் கூட்டாக நிர்வகிக்கும் ஆறு அமைப்புகளுக்கு வழிவகுத்தது. அவற்றுள் ஒன்று நீர்வழிகளுக்கானது. ‘வாட்டர்வேஸ் அயர்லாந்து’ என்னும் அந்த அமைப்பு 1999இல் தோன்றியது. தலைமையகம் வடக்கின் என்னிஸ்கில்லன் நகரில். ஷானன், ஏர்ன், கிராண்ட், ராயல், பாரோ, கீழ் பான், ஷானன்–ஏர்ன் என ஏழு நீர்வழிகள், ஏறத்தாழ 1,000 கி.மீ., அதன் பொறுப்பில் உள்ளன. காவல்துறை, கைதிகள், ஆயுதக் களைவு என்று இரு தரப்பும் உடன்பட இயலாத பொருள்கள் எத்தனையோ இருந்தபோது, மதகுகளைப் பராமரிப்பதில் உடன்பட முடிந்தது. சிறிய பொருள்தான். ஆனால் ஒரே அலுவலகத்தில் இரு அரசுகளின் பணம் சேர்ந்து செலவாகும் பழக்கம் சிறியதன்று.

நீர் கேட்கும் விலை

1960களிலிருந்து ஷானனிலும் ஏர்னிலும் வாடகைப் படகுத் தொழில் வளர்ந்தது. உரிமம் தேவையில்லை; சிறிது நேரப் பயிற்சிக்குப் பின் ஒரு குடும்பமே தங்கிச் சமைத்து உறங்கும் மோட்டார் படகை ஓட்டிச் செல்லலாம். ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் ஏராளம். இரயிலும் ஆலையும் வராத ஆற்றங்கரைச் சிற்றூர்களுக்கு அது வருவாய் தந்தது. பழைய சரக்குப் படகுகளும் வீடுகளாகவும் உலாப் படகுகளாகவும் மாறிப் பிழைத்தன. பீட் ஏற்றிய வயிற்றில் இன்று படுக்கையறையும் சமையலறையும் இருக்கின்றன.

இதற்கு நீர் விலை கேட்காமல் இல்லை. 1990களில் வரிக்குதிரைச் சிப்பி எனப்படும் அயல் உயிரினம் ஷானனில் பரவியது. வெளியிலிருந்து வாங்கிவரப்பட்ட பழைய உல்லாசப் படகுகளின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டே அது வந்து சேர்ந்தது என ஆய்வாளர் கருதுகின்றனர். நன்னீர்ச் சிப்பிகளின் மேல் படர்ந்து அவற்றை அழித்து, குழாய்களை அடைத்து, படகுகள் சென்ற வழியிலேயே அதுவும் ஏரிக்கு ஏரி தாவியது. எந்த இணைப்பு மனிதரை இணைத்ததோ, அதுவே அந்தச் சிப்பிக்கும் பாதையாயிற்று.

2023 கோடையில் நே ஏரி நச்சுப் பாசியால் பச்சைப் படலமாக மாறியது. பண்ணை உரமும் கழிவுநீரும் கொண்டுவந்த ஊட்டப் பொருள், வெப்பமடையும் நீர் ஆகியவை முதன்மைக் காரணங்கள். நீரைத் தெளியவைத்து ஒளியை ஆழத்துக்கு அனுப்பும் அதே வரிக்குதிரைச் சிப்பிக்கும் இதில் பங்கு உண்டு. வட அயர்லாந்தின் குடிநீரில் பெரும்பங்கை அளிக்கும் ஏரியில் கோடைக்காலப் படகும் நீச்சலும் நின்றன. பாலத்தின் உயரத்துக்காக ஒருகாலத்தில் வாதாடிய படகோட்டிகள், இப்போது நீரின் தன்மைக்காக வாதாட வேண்டியிருக்கிறது. இம்முறை எதிரில் இருப்பது ஒரு பாலம் அன்று. ஒரு தீவின் வேளாண்மை முறை.

இன்னும் முடியாத ஒரு வழியும் உண்டு. ஏர்ன் ஏரியையும் நே ஏரியையும் இணைத்து 1841இல் திறக்கப்பட்ட அல்ஸ்டர் கால்வாய், அண்டை நீர்வழிகளின் படகுகள் நுழைய இயலாதபடி குறுகலான மதகுகளோடு கட்டப்பட்டதால் முதலிலிருந்தே தோற்றது; 1931இல் கைவிடப்பட்டது. எல்லையை மீண்டும் மீண்டும் வெட்டிச் செல்லும் அதன் வழியில் இப்போது பகுதி பகுதியாக மீட்புப் பணி நடக்கிறது. வணிகக் கணக்கில் பார்த்தால் முதல் முறையைப் போலவே இதுவும் வீண் செலவு என்று சொல்வோர் உண்டு. அத்லோனிலும் 1954இல் அதே கணக்கு முன்வைக்கப்பட்டது. அன்று அந்தக் கணக்கே வென்றிருந்தால், 1994இல் ஏர்ன் ஏரியிலிருந்து தெற்கே வந்த படகுகள் ஷானனை அடைந்து, ஒரு தாழ்வான பாலத்தின் முன் நின்றிருக்கும்.